நான்காவது ஆளாகப் போன ஸ்பீக்கர் பெட்டி

என் அண்ணன் வீரையா காரின் பின் சீட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, இடது பக்கம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, மடியில் பழத்தட்டு. கால் வைக்கும் இடத்தில் ஆம்ப்ளிஃபயர் இருந்ததால் காலைக் கீழே விட வழியில்லை. தேரில் ஏற்றிய சாமி மாதிரி இருந்தார். சாமியையாவது கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள்.

“நடுவுல உள்ள பெல்ட்டு எங்க மாப்ள?” என்று அண்ணன் கேட்டார்.

“அத வச்சுதான் மச்சான் ரெண்டு பெட்டியையும் சேத்துக் கட்டியிருக்கேன். நீங்க பெட்டியப் புடிச்சுக்குங்க லா. அது உங்கள விடாது” என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். முன் சீட்டில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்த நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் மகன் தினேஷுக்குப் பெண் கேட்க, பாக்கார் ஆராங்கிலிருந்து பாலிங்குக்கு நாங்கள் கிளம்பிய அழகு இது.

போன வாரம் பாலர் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, பாடாங் செராயிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “டீச்சர், உங்க வீட்டுக்காரரப் பத்தி ஒரு வார்த்தகூட எழுத மாட்டேங்கிறீங்களே, ஏன்?” அம்மா, எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்றுதான் இத்தனை வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இனி உங்கள் பொறுப்பு.

மரம் மரம்தான்

திருவாளர் குணசேகரன் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பேருந்தின் கூரையில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்பீக்கர்கள் இருந்தன. அவற்றில் பாட்டுப் போட்டால் பாடுகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுவது போலிருக்கும். காலம் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டு, வண்டியோடு வருகிற எந்த ஸ்பீக்கர் மீதும் அவருக்கு ஒரு வன்மம் வந்துவிட்டது.

“வண்டி செட்டெல்லாம் பிளாஸ்டிக்கு. வீட்டு செட்டு மரம். மரம் மரம்தான்” என்பார். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தக் கேள்வி வந்தாலும் அவருடைய பதில் இதில்தான் போய் முடியும்.

வீட்டில் இருந்தது உண்மையிலேயே மரம்தான். இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் இரண்டு பெட்டிகள். இழுத்து மூடிய கறுப்புத் துணிக்குள் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஸ்பீக்கர். கூடவே, தனியாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனத்தில் ஓர் ஆம்ப்ளிஃபயர். வீட்டு வரவேற்பறையில் நாற்காலிக்கு இடமிருக்கிறதோ இல்லையோ, இவற்றுக்கு இடமிருந்தது.

கல்யாணமான புதிதில் இந்தப் பெட்டிகள் தோட்டத்து வீட்டில் இருந்தன. பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டம். எங்கள் லயத்து வரிசை வீடுகள் ஒவ்வொன்றிலும் ஒரே வானொலிதான் ஓடும். முதல் வீட்டு வாசலில் ஒரு பாட்டைக் கேட்க ஆரம்பித்து, நடந்துகொண்டே போய், கடைசி வீட்டில் அதே பாட்டை முடிக்கலாம். ஒரு வரிகூட விடுபடாது. அதைத்தான் இப்போது மேடை ஏறுகிறவர்கள் தோட்டத்து ஒற்றுமை என்கிறார்கள். ஒற்றுமையெல்லாம் இல்லை ஐயா. பக்கத்து வீட்டுக்காரனைவிட ஒரு திருகு கூட வைத்துவிட வேண்டும் என்ற போட்டி. அதில் எங்கள் வீட்டை யாரும் ஜெயித்ததில்லை. எனக்கு இடது காது இன்றைக்கும் கொஞ்சம் மந்தம்தான்.

மிஸ் லிம் கொண்டு வந்த ஆரஞ்சு

தோட்டத்தை விட்டுப் பாக்கார் ஆராங்கில் வரிசை வீட்டுக்கு வந்தோம். இங்கேயும் சுவரோடு சுவர்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது மிஸ் லிம். ஓய்வு பெற்ற ஆசிரியை, ஒற்றை ஆள்.

குடிபோன முதல் ஞாயிறு, பால் காய்ச்சிய கையோடு வீட்டுக்காரர் செட்டைப் போட்டார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அடைக்கும்போது சத்தத்தைக் குறைக்கவே மாட்டார். சுவிட்சை மட்டும் அடைப்பார். அதனால் மறுபடி போடும்போது, விட்ட இடத்திலிருந்து அதே உச்சத்தில் வீடே துள்ளும். அன்றும் துள்ளியது.

மறுநாள் மிஸ் லிம் ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். சண்டைக்கு வரவில்லை. சிரித்துக்கொண்டே, “உங்க பாட்டு ரொம்ப நல்லா இருக்கு. என் வீட்டுப் பீங்கான் எல்லாம் ஆடுது” என்று மலாயில் சொன்னார். நீங்கள் விரும்பினால் கேளுங்கள், நான் பீங்கானை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறேன் என்றும் சொன்னார்.

திட்டியிருந்தால் வீட்டுக்காரரும் பதிலுக்குத் திட்டியிருப்பார். பழம் கொடுத்தால் என்ன செய்வது? அன்றோடு செட்டு ஊமையானது. அதன்மேல் பூப்போட்ட துணி விரித்து, நான் ஒரு பிளாஸ்டிக் ரோஜா ஜாடியும் வைத்தேன். அந்த ரோஜாவை அவர் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

காருக்குள் வீட்டு மின்சாரம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், கடலை வாங்கப் போன இடத்தில், கூடாரச் சாமான் விற்கிறவனிடம் ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டார். கார் பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர். காட்டுக்குள் கூடாரம் போடுகிறவர்கள் அதில் சின்ன விளக்கு எரிப்பார்களாம், கைப்பேசிக்கு மின்னேற்றுவார்களாம். இவருக்குத் தெரிந்த கூடாரம் எங்கள் கார் ஒன்றுதான்.

முதலில் அதைச் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகினார். முதல் பாட்டின் பல்லவி முடிவதற்குள் ஃபியூஸ் போய்விட்டது. பிறகு, தெரிந்த போமன் ஒருவனைப் பிடித்தார். கார் பழுது பார்ப்பவனுக்கு எங்கள் பக்கம் போமன் என்று பெயர். அவன் பேட்டரியிலிருந்து நேராக விரல் மொத்தத்துக்கு ஒரு வயரை இழுத்து, ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் கொண்டு வந்து விட்டான். “அங்கிள், எஞ்சின் ஆஃப் பண்ணாலும் இது ஆஃப் ஆவாது. தனியா இந்த சுவிட்ச அடைக்கணும். மறந்தீங்க, பேட்டரி மாத்தி (செத்துப்போகும்)” என்று படித்துப் படித்துச் சொன்னான்.

பெட்டிகள் பின் சீட்டில் ஏறின. பலகை வைத்து ஸ்க்ரூ போட்டு, பெல்ட் போட்டு, எங்கள் பிள்ளைகளைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாக உட்கார வைத்ததில்லை. கையில் வீட்டு ரிமோட். ஓட்டிக்கொண்டே ரிமோட்டைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டி அழுத்துவார். பாட்டோடு ஒரு கொசுச் சத்தமும் வரும். எண்ணெயை (ஆக்ஸிலரேட்டரை) மிதித்தால் கொசு மேலே ஏறும். விட்டால் கீழே இறங்கும். வயரில் ஏதோ கோளாறு என்று போமன் சொன்னான். “அது எஞ்சினோட சுருதி” என்று இவர் சொன்னார்.

கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகளால் எங்கள் வீட்டில் வெளியூருக்குப் போகிற பழக்கமே குறைந்துவிட்டது. ஐந்து பேர் போகும் காரில் மூன்று பேர்தான் போக முடியும் என்றால், யாரை அழைப்பது, யாரை விடுவது?

ஒரு தடவை தினேஷ் காரை எடுத்துக்கொண்டு பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் போனான். செட்டை அடைக்க மறந்து, பேட்டரி இறங்கி, பொழுது சாய்ந்த பிறகு வந்து சேர்ந்தான். எப்படி வந்தாய் என்று கேட்டதற்கு, கூட வந்தவங்க பக்கத்துக் காரில் கேபிள் கேட்டு வாங்கி வந்தாங்க என்றான். கூட வந்தது யார் என்று கேட்டதற்குக் குளிக்கப் போய்விட்டான்.

கூட வந்தது பாலிங் ஷாலினி என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்று பேர்

ஷாலினியின் அப்பா ரெங்கசாமிக்குப் பாலிங்கில் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர். தானே மரம் வெட்டிப் பால் எடுப்பவர். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம் என்று தினேஷ் எச்சரித்திருந்தான். பையனைப் பார்த்துவிட்டேன், இனிப் பெரியவர்கள் வந்து பேசட்டும் என்று நாள் சொல்லி அனுப்பியிருந்தார்.

“அம்மா, அவங்க அப்பா வேணாம்னா அவ மீற மாட்டா. நானும் இழுத்துட்டு ஓடுற ஆளு இல்ல. இந்த ஒரு தடவைதான்மா” என்றான் தினேஷ். எதற்கும் அசையாத பிள்ளை. சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கு அன்றிரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

பெண் கேட்கப் போக வேண்டியவர்கள் நான்கு பேர். நான், வீட்டுக்காரர், தாய்மாமன் என்ற முறையில் என் அண்ணன், அண்ணி செல்வராணி. அண்ணன் கண் அறுவை செய்துகொண்டு கார் ஓட்டாமல் இருந்ததால் எல்லோரும் எங்கள் காரில்தான் போகவேண்டும். பெட்டிகளை முதல் நாளே கழற்றிவிடுவதாக இவர் சத்தியம் செய்திருந்தார். காலையில் பார்த்தால் பெட்டிகள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன.

“ஸ்க்ரூ துருப் புடிச்சிருச்சு பரமேசு. கழட்ட அரை நாள் ஆவும்.”

அண்ணி பட்டுச்சேலையோடு காருக்குள் எட்டிப் பார்த்தார். “டாக்சிக்குச் சொல்லவா அண்ணி?” என்று நான் கேட்டதுதான் தாமதம். “பெட்டிக்கு சீட்டு, எனக்கு டாக்சியா? போயிட்டு வாங்க லா, நல்லா இருப்பீங்க” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணி கோபித்தால் கோபித்ததுதான். எந்த விசேஷத்திலும் முதலில் எழுந்து செருப்பைத் தேடுகிறவர் அவர்.

அப்போதுதான் அண்ணனுக்குச் சுருக்கென்றது. “அப்ப மூணு பேரா போறோமா? நல்ல காரியத்துக்கு மூணு பேரா?”

எங்களில் மூன்று பேராகப் பெண் கேட்கப் போக மாட்டார்கள். போனால் காரியம் கைகூடாது. எங்கள் அப்பா காலத்தில் இப்படி மாட்டிக்கொண்டால், நாலாவது ஆள் என்று ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். கல்லைச் சேர்த்துக்கொண்டால் தெய்வம் ஏமாந்துவிடும் என்று நம்புகிற சனம் நாம்.

அண்ணன் பூச்செடிப் பக்கம் கல் தேடிக் குனிந்தார்.

“கல்லு எதுக்கு மச்சான்? அதான் பெட்டி இருக்கே. கல்லு பேசுமா? இது பாடவாச்சும் செய்யும்.”

“பெட்டி ரெண்டு இருக்கு மாப்ள. சேத்தா அஞ்சு ஆயிரும்.”

“ஜோடிய ஒன்னாத்தான் எண்ணணும் மச்சான். ஸ்டீரியோ லா.”

அண்ணன் இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டிலிருந்த சந்தனத்தைத் தொட்டு, வலது பக்கப் பெட்டியின் நெற்றியில் பொட்டு வைத்தார். அப்புறம்தான் ஏறி உட்கார்ந்தார். இதை நான் கற்பனை செய்யவில்லை. படித்த மனிதர், நில அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர்.

குங்குமம் பறந்த பாதை

நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று வீட்டுக்காரர் பக்திப் பாட்டுத்தான் போட்டார். ஆனால் இப்போதைய பக்திப் பாட்டில் உறுமி மேளம் இருக்கிறது. பெட்டிகளின் அடித்தொண்டை அந்த மேளத்துக்காகவே காத்திருந்தது போலும்.

தட்டுகள் வைக்க வேறு இடமில்லாமல் குங்குமம், மஞ்சள், வெற்றிலைத் தட்டைப் பெட்டியின் தலையில் வைத்திருந்தோம். குவாலா கெட்டில் தாண்டியதும் மேளம் உச்சத்துக்குப் போனது. ஒவ்வோர் அடிக்கும் ஆப்பிள்கள் உருண்டன. குங்குமச் சிமிழின் மூடி மெதுவாக நகர்ந்து நகர்ந்து விழுந்தது. பிறகு குங்குமம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி ஆட ஆரம்பித்தது.

“மாப்ள! மாப்ள!” என்று அண்ணன் கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. நான் கண்ணாடியில் பார்த்தபோது அவருடைய வெள்ளைச் சட்டை தோளிலிருந்து வயிறு வரை சிவந்திருந்தது. தட்டிவிடலாம் என்று கையால் தேய்த்து அதை முழுச் சட்டைக்கும் பரப்பியிருந்தார்.

பாலிங் மலை கண்ணில் பட்டதும் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். ரிமோட் சீட்டுக்கு அடியில் விழுந்துவிட்டது. அதே சத்தத்தோடு ரெங்கசாமி வீட்டு வாசலுக்குப் போய் நின்றோம். வேலியோரம் நின்றிருந்த கோழிகள் ரப்பர் காட்டுக்குள் ஓடின. எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்னால் கையை விட்டு செட்டு சுவிட்சையும் அவர் அடைத்தார். அந்த அமைதியில் என் காது ரீங்காரமிட்டது.

“வாங்க. ரோட்டு முனையில வரும்போதே நீங்கதான்னு தெரிஞ்சிருச்சு” என்றார் ரெங்கசாமி. சிரிக்கவில்லை. அண்ணனின் சட்டையைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

யோசித்துச் சொல்கிறோம்

எங்களை உட்கார வைத்துவிட்டு ரெங்கசாமி அடுப்படிக்குப் போனார். அங்கே அவர் மனைவி பாக்கியத்திடம் ஏதோ தணிந்த குரலில் சொன்னார். கம்போங் கோழி என்கிற நாட்டுக்கோழிக் குழம்பின் வாசனை வந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஷாலினி வந்தாள். “ஆண்டி, பூத்தட்டக் காணோமே” என்றாள். பதற்றத்தில் அதைக் காரிலேயே விட்டிருந்தோம். சாவியை வாங்கிக்கொண்டு அவளே போய் எடுத்து வந்தாள். “புள்ள சுறுசுறுப்பு” என்று அண்ணன் என் காதில் சொன்னார்.

தேநீரும் முறுக்கும் வந்தன. எந்தத் தோட்டம், எந்தக் கோயில், யாருக்கு யார் என்ன முறை என்று பேச்சு நீண்டது. எங்கள் அத்தை மகனும் அவர்கள் சித்தப்பாவும் கூலிமில் ஒரே தெருவில் இருந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ரெங்கசாமி கோப்பையைக் கீழே வைத்தார்.

“என் மக சத்தமில்லாத வீட்டுல வளந்தவ. யோசிச்சுச் சொல்றோம்.”

அப்படியென்றால் வேண்டாம் என்று அர்த்தம். பெண் வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்றால், யோசித்துவிட்டார்கள், சொல்லியும் விட்டார்கள். கும்பிட்டுவிட்டு எழுந்து வருவதுதான் மரியாதை.

எழுந்தோம். தினேஷிடம் என்ன சொல்வேன்? காரில் ஏறினோம், அண்ணன் மறுபடி சப்பணமிட்டார். வீட்டுக்காரர் சாவியைத் திருகினார்.

டிக்.

மறுபடி திருகினார். டிக்.

வாசலில் ரெங்கசாமியும் பாக்கியமும் வழியனுப்பக் கைகூப்பி நின்றபடியே இருந்தார்கள்.

கை நனைக்காத மதியம்

வீட்டுக்காரர் பின்னால் கை விட்டுப் பார்த்தார். சுவிட்ச் போட்டபடி இருந்தது, ஆம்ப்ளிஃபயர் தலை சுட்டது. “நான் அடைச்சேன் பரமேசு. சத்தியமா அடைச்சேன்” என்றார். நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் திறக்கலாம் என்று சேர்த்து வைத்துக்கொண்டேன்.

தானியங்கி கியர் கார், தள்ளினாலும் எழும்பாது. அக்கம்பக்கத்துக் கார்களெல்லாம் ஒரு மலாய் வீட்டுக் கல்யாண விருந்துக்குப் போயிருந்தன. ரெங்கசாமியிடம் இருந்தது மோட்டார் சைக்கிள் மட்டும். ஊர் போமனுக்குப் போன் அடித்தால், அவனும் அந்த விருந்தில்தான் இருந்தான். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீட்டுக்குள் மறுபடி போய், எழுந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தோம். சுவரில் நாள்காட்டி இருந்தது. எல்லோரும் அதைப் படித்தோம்.

மதியமானது. குழம்பு வாசனை கூடிக்கொண்டே வந்தது. பாக்கியம் மெல்ல, “ஒரு வாய் சாப்புட்டுப் போங்களேன்” என்றார்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தப்பா நெனைக்காதீங்க. சம்மந்தம் பேசி முடியாத வீட்டுல நாங்க கை நனைக்கிறதில்ல.” சட்டை முழுக்கக் குங்குமத்தோடு அவர் இதைச் சொன்னார். அப்போது அவர் வயிறு கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

நாங்கள் சாப்பிடாமல் அவர்கள் எப்படிச் சாப்பிடுவது? விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போகிற ரெங்கசாமி, உச்சி வெயிலுக்கு முன் சோற்றில் கை வைத்துவிடுகிறவர். பசி தாங்காமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார், வந்தார், மறுபடி போனார். கல்யாணம் வேண்டாம் என்று சொன்ன வீடும், கேட்கப் போன வீடும் வழக்கத்தைக் கட்டிக்கொண்டு பட்டினி கிடந்தோம். கோழி மட்டும்தான் அந்த வீட்டில் நிம்மதியாகக் கிடந்தது.

பசி வந்தால் மரியாதை கொஞ்சம் இறங்கும். ரெங்கசாமி சட்டென்று கேட்டார். “ஒன்னு கேக்குறேன். வீட்டுல வைக்கிற செட்ட எந்த மனுசனாச்சும் கார்ல வைப்பானா?”

தன் வழக்கமான மர வியாக்கியானத்தை இவர் ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “பக்கத்து வீட்டு அம்மா தனியா இருக்காங்க. நம்ம சத்தத்துல அவங்க பீங்கான் ஆடுதுன்னாங்க. அதுக்கப்புறம் வீட்டுல போட மனசு வரல. விட்டுட்டு இருக்கவும் முடியல. அதான் யாரு சுவரும் இல்லாத எடமா பாத்துக் கொண்டு போனேன்.”

“அந்தம்மா சண்ட போட்டாங்களா?”

“இல்லிங்க. ஆரஞ்சு குடுத்தாங்க.”

ரெங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபம் வந்த முகம்போல இல்லை.

அப்போது அடுப்படியிலிருந்து ஷாலினி வாழையிலைகளோடு வந்தாள். யாரையும் கேட்காமல் மேசையில் ஆறு இலையை வரிசையாகப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

“அங்கிள் வழக்கத்த விட மாட்டாங்க. நீங்க பசியோட இருக்கிறத அம்மா பொறுக்க மாட்டாங்க. சோறு ஆறுதுப்பா. நீங்கதான் ஏதாச்சும் சொல்லணும்.”

சொல்லிவிட்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அப்பா முகத்தைவிட்டு அகலவில்லை. என் நெஞ்சு அடித்த சத்தத்துக்கு அந்தப் பெட்டிகள் தேவையில்லை.

ரெங்கசாமி இலையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எழுந்து தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் வந்தார்.

“கை கழுவிட்டு வாங்க சம்மந்தி.”

சம்மந்தி! சரி என்று அவர் தனியாகச் சொல்லவே இல்லை. அந்த ஒரு வார்த்தைதான். முதலில் குழாயடிக்கு ஓடியது என் அண்ணன்.

நெத்திலி

சாப்பாடு முடிந்து போமன் வந்து கேபிள் போட்டான். கார் எழும்பியது. செட்டும் உயிர் பெற்று விளக்கு எரிந்தது. ஆனால் பாட்டுத் துள்ளவில்லை. சத்தம் பூஜ்யத்தில் இருந்தது. சம்மந்தி வீட்டில் அதுகூட அடக்கமாக இருக்கிறது என்று கேலி செய்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அண்ணி மட்டும் சும்மா இருக்கவில்லை. விவரம் கேட்டுவிட்டு, “நான் வந்திருந்தா யோசிச்சுச் சொல்றோம்னதும் மொத ஆளா எந்திரிச்சு, கார் கெடக்குன்னு டாக்சியப் புடிச்சு எல்லாரையும் இழுத்துட்டு வந்திருப்பேன். பெட்டி நாலாவது ஆளா போனதுதான் நல்லது” என்றார். கோபத்தில்தான் சொன்னார். ஆனால் அது உண்மை.

அன்றிலிருந்து இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாண மண்டபம் இல்லை. ‘சுவிட்சை அடைக்க மறந்து மகனுக்குக் கல்யாணம் முடித்தவர்’ என்று ஆரம்பிப்பேன். கூட்டம் சிரிக்கும். வீட்டுக்காரரும் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு காரை எங்கே நிறுத்தினாலும், பாதி தூரம் நடந்துவிட்டு, திரும்பிப் போய் சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். முன்பு இப்படி இல்லை. தனக்கு ஞாபகம் மங்குகிறது என்று மனிதர் நம்பிவிட்டார்.

போன மாதம் நானும் ஷாலினியும் வீட்டில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். முந்தைய நாள்தான் ஒரு விசேஷத்தில் வழக்கம்போல அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

“அத்த, மாமாவ விட்டுருங்க. பாவம்” என்றாள்.

“ஏன், மறந்தவரு மறந்தவருதானே?”

“மாமா மறக்கல.” அவள் கை நெத்திலியிலேயே இருந்தது. “டீ குடுத்து அனுப்பிடு, சோறெல்லாம் வேணாம்னு அப்பா அம்மாகிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. பந்தாய் மெர்டேக்கால அந்த சுவிட்ச் எங்களப் படுத்துன பாடு ஞாபகம் வந்துச்சு. பூத்தட்டு எடுக்கப் போனேன்ல, அப்ப சத்தத்த சுத்தமா கொறச்சுட்டு, சுவிட்சப் போட்டுட்டு வந்துட்டேன். பேட்டரியும் பழசு. அப்பா ஆள உக்கார வச்சுப் பட்டினி போட மாட்டாரு அத்த. மதியம் வரைக்கும் நீங்க அங்க இருந்தா போதும்னு இருந்துச்சு.”

என் கையிலிருந்த நெத்திலி தலையோடு குழம்புச் சட்டிக்குள் விழுந்தது.

“ஒருவேள பேட்டரி போகலன்னா?”

“டயருல ஆணி வைக்கலாம்னு இருந்தேன்” என்றாள் என் மருமகள், மிகவும் அமைதியாக. சத்தமில்லாத வீட்டில் வளர்ந்த பெண் என்று அவள் அப்பா சொன்னது சரிதான்.

இதை நான் இன்னும் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இத்தனை மண்டபத்தில் சிரித்த வாயால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் எழுதிவிட்டேன். இந்த இதழை அவர்தான் கடைக்குப் போய் வாங்கி வருவார். வாங்கியதும் வீட்டுக்குள் வர மாட்டார். வாசலில் காரை நிறுத்தி, பாட்டைப் போட்டுக்கொண்டு, சந்தனக் கறை போகாத அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, என் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார்.

குணசேகரன் அவர்களே, நீங்கள் அன்றைக்கு அடைத்தீர்கள். உங்கள் ஞாபகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் அடைத்துவிட்டு, ஒரு தடவையும் திரும்பிப் பார்க்காமல், நேராக உள்ளே வாருங்கள். இலை போட்டிருக்கிறேன்.